கரடிக் காட்டில் சாப்பாட்டை மரத்தில் கட்டலாமா?

அமெரிக்காவுல கலிஃபோர்னியா மலையில இருக்குற ஜான் மியூர் பாதையில 20 நாள் நடக்கப் போறேன், கரடி டப்பா (சாப்பாடு வைக்கிற, கரடியால திறக்க முடியாத கெட்டி டப்பா) 1 கிலோவுக்கு மேல கனக்குது, சாப்பாட்டை மரத்துல கட்டிடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க. அந்தப் பாதை போற யோசெமிட்டி தேசியப் பூங்காவோட காட்டுப் பகுதியில டப்பா கட்டாயம். அங்கத்திய கருங்கரடிங்க கட்டின பையை இறக்கப் பழகினதுங்க.

பற்பசை, சன்ஸ்கிரீன் உட்பட வாசனை உள்ளது எல்லாமே டப்பாவுக்குள்ள போகணும். மல்லேஸ்வரத்துலேர்ந்து நான் கொண்டுபோன புளிக்காய்ச்சல் கசிஞ்சு, பை முழுக்கப் பெருங்காய வாசனை. அன்னைக்கு ராத்திரி கண்ணே மூடல. நீங்க பொடியா கொண்டுபோங்க.

டப்பாவைக் கூடாரத்துலேர்ந்து 30 மீட்டர் தள்ளி வைங்க. சரிவு, ஆத்தங்கரை வேண்டாம், கரடி உருட்டிவிட்டா போச்சு. கரடி ஸ்பிரே (கரடியை விரட்ட அடிக்கிற மிளகாய் ஸ்பிரே) வாங்காதீங்க, யோசெமிட்டியில தடை. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒருதடவை எல்லாத்தையும் அடைச்சு, மூடி மூடுதான்னு பாத்துடுங்க.