தம்பியின் பியர் ஏன் துவர்த்தது?

கேள்வி: மெல்பர்னில் இருக்கும் என் தம்பி வீட்டிலேயே பேல் ஏல் என்ற வெளிர் நிறப் பியர் செய்கிறான். போன தடவை ஒன்றரைக் கிலோ மோல்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகு டின் இரண்டும், கிரிஸ்டல் மோல்ட் என்ற வறுத்த மோல்ட் தானியம் அரைக் கிலோவும் வாங்கி 20 லீட்டர் செய்தானாம். நிறம் கறுத்து, நாக்கை இழுக்கும் அளவுக்குத் துவர்த்ததாம். பிழை டின்னிலா, தானியத்திலா? டிசம்பரில் ஊருக்கு வரும்போது இங்கேயும் செய்து காட்டுகிறேன் என்கிறான். டின்னுக்குப் பதிலாக நெஸ்டமோல்ட் சரிவருமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: கடைசியில் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே வேண்டாம். நம் குளிர் பேல் ஏலைப் புளிக்க வைக்கும் ஈஸ்டுக்கு நன்றாகவே ஒத்துவரும். 18 முதல் 20 பாகை செல்சியஸ் போதும். 1849இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் பியர் ஆலையே போட்டார். ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது இலங்கையில் மதுவரிச் சட்டப்படி குற்றம். அவுஸ்திரேலியாவில் விற்காமல் தன் பாவனைக்குச் செய்துகொள்ளலாம். ஆகவே அங்கேயே செய்யட்டும். நெஸ்டமோல்ட்டில் பால் சேர்ந்திருக்கிறது, அது பியருக்கு ஆகாது.

கறுத்ததற்கு முதல் சந்தேகம் டின்மேல்தான். மோல்ட் பாகு நாள்பட்டால், அதிலும் வெக்கையில் கிடந்தால், தானாகவே கறுத்து ஒரு பழைய ருசி பிடித்துவிடும். மலிவு விலைக்குக் குவித்து வைத்திருக்கும் டின்னை எடுக்குமுன் திகதியைப் பார்க்கச் சொல்லுங்கள். மோல்ட் தூள் இன்னும் அதிக நாள் தாங்கும். 3 கிலோ பாகுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ தூள் போதும். அப்புறம், பாகு முழுவதையும் ஆரம்பத்திலேயே கொட்டி ஒரு மணி நேரம் கொதிக்க விட்டாலும் கறுக்கும். பாதியைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாகு ஊற்றும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடிப்பிடிக்கும்.

துவர்ப்பு வேறு கதை. தேயிலைத் தூளைப் போட்டுக் கொதிக்க வைத்தால் சாயம் எப்படித் துவர்க்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தானியத்தின் உமியிலும் டானின் என்ற அதே துவர்ப்புப் பொருள்தான். தானியத்தைத் துணிப் பையில் கட்டி, 2, 3 லீட்டர் தண்ணீரில், 65 முதல் 70 பாகைச் சூட்டில், அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் பையைச் சுற்றிப் பிளேன்டீ போலச் செம்பழுப்பு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். 77 பாகையைத் தாண்டினால் உமி துவர்ப்பை விடத் தொடங்கும். தண்ணீர் மிக அதிகமானாலும் அப்படித்தான்.

தானியம் வாங்கும்போது ஒரு மணியைக் கடித்துப் பார்க்கலாம். வறுத்த கடலை போல மொறுமொறுவென்று உடைந்து இனித்தால் புதியது. நமுத்திருந்தால் விட்டுவிட வேண்டும். கடையிலேயே உடைத்து வாங்கினால் ஒன்றிரண்டாக உடைத்தால் போதும், மாவாகக் கூடாது.

பை உள்ளே இருக்கும்போதே தண்ணீர் கொதித்ததா என்று தம்பியைக் கேளுங்கள். கொதித்திருந்தால் துவர்ப்புக்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. டின்னை எறியாமல் வைத்திருந்து, வாங்கிய நாளிலேயே திகதி கடந்திருந்தது தெரிந்தால், பற்றுச்சீட்டோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கட்டும்.