பாதாம் டப்பாவை விடுங்கள், உங்கள் தோட்டத்தைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் வீட்டுக்காரருக்குப் பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. டப்பா பாதாம் பால் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சரி, வீட்டுத் தேங்காய் இருக்கிறதே என்று பால் எடுத்தால் டீயில் திரிந்து போகிறது, மறுநாளே புளிக்கிறது. திப்பியைக் குப்பையில் கொட்டவும் மனசு வரவில்லை. பத்து மாதப் பேரனுக்கும் இதைக் கொடுக்கலாமா?"

முதலில் ஒன்று. அவருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காமல்தான் பலருக்கு வயிறு உப்புகிறது, தயிராகும்போது அதில் ஒரு பங்கு குறைந்துவிடும். தயிர் ஒத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது, செலவும் இல்லை. பால் பட்டாலே தடிப்பு, மூச்சிரைப்பு என்றால் அது வேறு, அது அலர்ஜி, டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

அப்புறம் பாதாம். டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் பாதாம் நூற்றுக்குச் சில பங்குதான், மீதி தண்ணீர். அதையே வீட்டில் செய்கிறேன் என்று பாதாம் வாங்கி ஊறப்போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை, தென்னைக்கும் கடலைக்கும் பஞ்சமில்லாத பக்கத்தில் இருந்துகொண்டு பாதாமுக்கு ஏன் காசு?

தேங்காய்ப் பால் எடுக்க வெதுவெதுப்பான தண்ணீர்தான் நல்லது. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும், அதனால் பச்சைத் தண்ணீரில் கொழுப்பு திப்பியிலேயே தங்கிவிடும். பிரிட்ஜில் வைத்ததும் மேலே கட்டி கட்டியாக நிற்பதும் இதனால்தான், கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள், லேசாகச் சூடாக்கிக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். டீக்கு முதல் பால் வேண்டாம், அதைக் குழம்புக்கும் ஆப்பத்துக்கும் வைத்துக்கொண்டு இரண்டாம் பாலை எடுங்கள். டீத்தூளோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் திரியத்தான் செய்யும். டிகாஷனைத் தனியாக இறக்கி, கொதி அடங்கியபின், சூடாக்கிய பாலை ஊற்றுங்கள், ஊற்றியபின் அடுப்பில் ஏற்றாதீர்கள். அப்படியும் பிரிந்தால், பாலைச் சூடாக்கும்போதே ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் அரிசி மாவு கரைத்துவிட்டு, மாவு வெந்து லேசாகக் கெட்டியாகும் வரை கிளறிக்கொள்ளுங்கள்.

ஆனால் தேங்காய்ப் பாலில் புரதம் கொஞ்சம்தான். தினமும் குடிக்க நான் சொல்வது நிலக்கடலைப் பால். 100 கிராம் பச்சைக் கடலையை இரவு ஊறவைத்து, காலையில் தோலைக் கசக்கி எடுத்து, அரை லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்து வேட்டித் துணியில் பிழியுங்கள். பத்து நிமிடம் சிறு தீயில் காய்ச்ச வேண்டும், அடி பிடிக்கும், கரண்டியை விடாதீர்கள். ஒரு ஏலக்காய் போட்டால் பச்சை வாசனை தெரியாது. அந்தக் கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, ஒரு பங்கு திப்பியில் நின்றாலும் லாபம்தான். சொத்தை, பூஞ்சை, நிறம் மாறிய கடலையை மட்டும் தயவு பார்க்காமல் பொறுக்கி எறியுங்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், காய்ச்சினாலும் அது போகாது. சோயா என்றால் இன்னும் நன்றாகக் கொதிக்க வேண்டும், பச்சை சோயாவில் புரதத்தைச் செரிக்க விடாத பொருள் இருக்கிறது.

புளிப்பதற்குக் காரணம் ஒரேயடியாக நிறைய எடுப்பது. வெளியே வைக்காதீர்கள், பிரிட்ஜில் இரண்டு நாள் போதும். தேங்காய் மலிவாக இருக்கும் நாளில் நிறைய எடுத்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள், வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துக் குழம்பில் போடலாம்.

திப்பியைக் கொட்டினால் மிச்சம் பிடித்த காசில் பாதி போச்சு. தேங்காய்த் திப்பியைப் புட்டு மாவோடு பிசையலாம், கொஞ்சம் புதுத் துருவலும் சேர்த்தால்தான் ருசி இருக்கும். இல்லாவிட்டால் ஈரம் போக வறுத்து, மிளகாய், பூண்டு, பொட்டுக்கடலை, கறிவேப்பிலையோடு பொடியாக்குங்கள், இட்லிக்கு அருமை. கடலைத் திப்பி அடை மாவுக்கும் சப்பாத்தி மாவுக்கும் போகும், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும். டப்பாப் பாலில் பெரும்பாலும் கால்சியம் சேர்த்திருப்பார்கள், வீட்டுப் பாலில் அது கிடையாது. ஒரு டம்ளர் மாட்டுப்பாலில் 240 மில்லிகிராம் அளவு கால்சியம் கிடைக்கும், அதை ராகி, எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி என்று வேறு வழியில் ஈடுகட்டத்தான் வேண்டும். வீட்டுக்காரர் சைவமாக இருந்து தயிரும் ஆகாது என்றால் பி12 பற்றி டாக்டரிடம் கேளுங்கள், அது இந்த வீட்டுப் பால்கள் எதிலும் இல்லை.

பேரனுக்கு வேண்டாம். ஒரு வயதுக்குள் தாய்ப்பால், அல்லது டாக்டர் சொன்ன பால் பவுடர், இவற்றின் இடத்தில் தேங்காய்ப் பாலோ கடலைப் பாலோ வைக்கக் கூடாது. கூழில் ஒரு ஸ்பூன் தேங்காய்ப் பால் ருசிக்குக் கலப்பது வேறு. நிலக்கடலை சில குழந்தைகளுக்குக் கடுமையான அலர்ஜி தரும், எப்போது எப்படித் தொடங்குவது என்று குழந்தை டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.