கார் ஸ்டீரியோ, கதவு ஸ்பீக்கர், ஆக்டிவ் சப்வூஃபர்: வயரிங்கை நானே செய்யலாமா?

கேள்வி: பேஸ் மாடல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். ஸ்டீரியோ, நான்கு கதவு ஸ்பீக்கர்கள், சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆக்டிவ் சப்வூஃபர் எல்லாம் வாங்கிவிட்டேன். வயரிங்கை வீட்டிலேயே செய்ய முடியுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும், அவ்வளவுதான். கையில் மல்டிமீட்டர் இல்லாவிட்டால் மட்டும் இறங்காதீர்கள்.

என் வண்டிக்கு முதல் தடவை கடையில்தான் மாட்டினேன். பைபாஸ் ஏறியதும் பாட்டுக்குப் பின்னால் 'கொய்ங்ங்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறும், காலை எடுத்தால் இறங்கும். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "சார், புது ஸ்பீக்கரு, ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். மூன்று மாதம் ஓட்டினேன், ஆகவில்லை. கடைசியில் நானே சீட்டைக் கழற்றிப் பார்த்தால், சப்வூஃபரின் கருப்பு வயரை சீட் போல்ட்டுக்கு அடியில், பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். பெயின்ட் கரன்ட்டைச் சரியாக விடாது. நான் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் குரல். அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து நானே இழுத்தேன். அதனால் இந்தப் பதிலில் பவரும், கரன்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற கிரவுண்டும்தான் அதிகம் இருக்கும். ஸ்பீக்கரில் தப்பு செய்தால் பாட்டு கெடும். பவர் வயரில் தப்பு செய்தால் வண்டி எரியும்.

முதல் வேலை, பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது. பிளஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். மாட்டும்போது மைனஸ்தான் கடைசி.

ஸ்டீரியோவின் பின்னால் வரும் வயர் நிறங்கள் பெரும்பாலான பிராண்டுகளில் ஒன்றுதான். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட். கடிகாரமும் நீங்கள் பிடித்து வைத்த ஸ்டேஷன்களும் இதை நம்பித்தான் இருக்கின்றன. சிவப்பில், சாவியை ஏசிசிக்கு (என்ஜின் ஓடாமலே ரேடியோ ஓடுகிற நிலை) திருப்பினால் மட்டும் கரன்ட். கருப்பு கிரவுண்ட். வெள்ளை ஜோடி முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொரு ஜோடியிலும் கருப்புக் கோடு போட்டது மைனஸ். வண்டியின் சொந்த வயரை வெட்டாதீர்கள். வண்டியின் பிளக்கையும் ஸ்டீரியோவின் வயர்களையும் சேர்க்கிற, உங்கள் மாடலுக்கான கப்ளர் கடையில் கிடைக்கும். வெட்டினால், பின்னால் என்ன எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும் சர்வீஸ் சென்டரில் முதலில் விரல் நீட்டுவது அந்த இடத்தைத்தான். கப்ளர் போட்ட பிறகும் சாவியை எடுத்தவுடன் ஸ்டேஷன்கள் மறந்து போகிறதா? மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் இது சகஜம்.

நீலம் இரண்டு வரும், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முழு நீலம் ஆன்டெனாவுக்கு. வெள்ளைக் கோடு போட்ட நீலம், சப்வூஃபரை எழுப்புகிற ரிமோட் வயர். பல செட்டுகளில் முழு நீலத்தில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் கரன்ட் வரும். சப்பை அதில் மாட்டினால் எஃப்எம்மில் உறுமும், ப்ளூடூத்துக்கு மாற்றினால் ஊமையாகிவிடும். ரிமோட் வயரை மஞ்சளோடு முறுக்கினால் இன்னும் மோசம். சப் ராத்திரி பகலாக விழித்தே இருக்கும். ஊருக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்து வந்து சாவியைத் திருகினால் 'டக் டக்' என்று மட்டும் கேட்கும்.

இணைப்புகளை வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி விடாதீர்கள். கத்திரி வெயிலில் நிற்கிற வண்டிக்குள் அந்தப் பசை உருகி, டேப் தானாக அவிழ்ந்து தொங்கும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள்.

கதவு ஸ்பீக்கருக்குப் பெரிய வித்தை இல்லை. ஆனால் எந்தக் காரணம் கொண்டும் ஸ்பீக்கர் மைனஸை பாடியில் சேர்க்காதீர்கள். பழைய செட்டுகளில் அப்படிச் செய்த பழக்கத்தில் இன்றும் சிலர் செய்கிறார்கள். இப்போதைய ஸ்டீரியோக்களில் பிளஸ், மைனஸ் இரண்டு வயரையுமே உள்ளே இருக்கும் ஐசி (ஆம்ப்ளிஃபையர் சிப்) ஓட்டுகிறது. ஒன்றைப் பாடியில் தொட்டால் ஐசி போய்விடும். அடுத்து, பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. இடது ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது வலது உள்ளே இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். சத்தம் இருக்கும், கனம் இருக்காது. ஸ்டீரியோ பக்கம் வயரைப் பிரித்து வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தில் போடுகிற 1.5 வோல்ட் பேட்டரியை அந்த ஜோடியில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரின் கூம்பு வெளிப்பக்கம் துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். நான்கு கதவுக்கும் சேர்த்து ஐந்து நிமிட வேலை.

இப்போது சப். ஸ்டீரியோ பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது உச்சக் கணக்கு. ஆர்எம்எஸ்ஸில், அதாவது தொடர்ந்து தரக்கூடிய கணக்கில், ஒரு சேனலுக்கு 15 முதல் 22 வாட்ஸ் வந்தால் பெரிய விஷயம். கதவு ஸ்பீக்கருக்கு அது போதும், சப்புக்குப் போதாது. அதனால்தான் ஆக்டிவ் சப்பில் ஆம்ப்ளிஃபையரை உள்ளேயே வைத்து விற்கிறார்கள். ஸ்டீரியோவிலிருந்து அதற்கு வேண்டியது சிக்னல் மட்டும்; சாப்பாடு நேராகப் பேட்டரியிலிருந்து போக வேண்டும். பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஸ்டீரியோவின் மஞ்சளிலிருந்து கிளை எடுப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் தாமிர வயரில் 15 ஆம்ப்ஸ் ஓடினால், அதுபோன்ற மெல்லிய 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும், வயரும் சூடாகும். 8 கேஜில், அதாவது சுமார் 8.4 ஸ்கொயர் எம்எம்மில், 0.15 வோல்ட்தான் போகும். அந்த 8 கேஜையே வாங்குங்கள், நிஜத் தாமிரமாக. மலிவான 'ஆம்ப் கிட்'களில் பலவும் அலுமினியத்தின் மேல் தாமிரப் பூச்சு. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாக மின்னும்.

பேட்டரி பிளஸிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் ஹோல்டர். சப்பிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பீர்கள். சப்பில் இருப்பது சப்புக்கு. இது வயருக்கு. என்ஜின் அறையில் எங்காவது வயர் உரசி இன்சுலேஷன் கிழிந்து பாடியில் பட்டால், சப்பின் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. பேட்டரியின் முழு கரன்ட்டும் அந்த இடத்தில் கொட்டும். எத்தனை ஆம்ப்ஸ் என்பதை சப்பின் மேனுவலைப் பார்த்துப் போடுங்கள். அடிக்கடி போகிறதே என்று பெரியதாக மாற்றுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதும் வேண்டாம்.

என்ஜின் பக்கமிருந்து உள்ளே வர, கால் மிதிகளுக்கு மேலே வண்டியின் சொந்த வயர்கட்டு நுழைகிற ரப்பர் குரோமெட்டைத் தேடுங்கள். புதுசாக ஓட்டை போடாதீர்கள். நான் பழைய சைக்கிள் ஸ்போக்கின் நுனியில் வயரைக் கட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, குரோமெட்டின் ஓரமாகக் குத்தி இழுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அன்றைய நாளில் என் பொறுமையைச் சோதித்தது அது ஒன்றுதான்.

உள்ளே வந்ததும் பவர் வயர் ஒரு பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பட்டைக்குள்ளும், ஸ்டீரியோவிலிருந்து சப்புக்கு சிக்னல் கொண்டுபோகிற ஆர்சிஏ கேபிள் மறுபக்கத்திலும் போகட்டும். ரிமோட் வயரை ஆர்சிஏவோடு சேர்த்து இழுக்கலாம். ஸ்டீரியோவில் ஆர்சிஏ அவுட் இல்லையென்றால், ஸ்பீக்கர் வயரையே நேராக ஏற்கிற சப்பின் ஹை லெவல் இன்புட்டில் பின் ஸ்பீக்கர் வயர்களிலிருந்து கிளை கொடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் ஏதாவது கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது.

கிரவுண்டுக்கு நான் கண்ட கடைசித் தீர்வு இது. சப்பிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் பாடியோடு வெல்டான தடித்த தகடு, அதில் ஏற்கெனவே ஒரு போல்ட். சீட் பெல்ட் போல்ட் மட்டும் கூடாது, அது உயிர் காக்கிற போல்ட். ஒரு ரூபாய் நாணய அளவுக்கு எமரி பேப்பரால் தேய்த்தேன். முதலில் வண்டியின் வெள்ளை போனது, அடியில் சாம்பல் பிரைமர் வந்தது. அதுவும் போய்த் தகடு பளிச்சென்று மின்னியபோதுதான் நிறுத்தினேன். ரிங் லக்கை அங்கே வைத்து, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் பெயின்ட் பூசிவிட்டேன், துரு பிடிக்காமல் இருக்க. வயர் பவர் வயரின் அதே தடிமன். பேட்டரி மைனஸை மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மிதித்தேன். 'கொய்ங்' இல்லை. இன்னொரு தடவை மிதித்தேன், நம்பிக்கை வராமல்.

செட்டிங் சுருக்கமாக: கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்கு மேலே உள்ள சத்தம் மட்டும் போகும்), சப்புக்கு லோ பாஸ் 80 (அதற்குக் கீழே உள்ளது மட்டும்). ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, சப்பின் கெயினை (சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்கிற திருகு) மெதுவாக ஏற்றி, சத்தம் உடைய ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சப்பின் கூம்பு தள்ளுகிற திசையை மாற்றும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் வைத்துக் கேளுங்கள், எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடித்து வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, மல்டிமீட்டரை 10 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் வைத்து, பேட்டரி மைனஸுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே கோர்த்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்ப்ஸுக்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மீட்டர் கோர்த்திருக்கும்போது தெரியாமல்கூட ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.

இன்னொன்று. சப் ஓட ஆரம்பித்ததும் பின் நம்பர் பிளேட் தாளம் போடும். பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு துண்டு ஃபோம் டேப் ஒட்டினால் அடங்கிவிடும். இது தெரியாமல், ஸ்பீக்கர்தான் கிழிந்துவிட்டது என்று நான் கதவு பேனலை இரண்டு முறை கழற்றி மாட்டினேன், அதில் ஒரு கிளிப் உடைந்ததுதான் மிச்சம்.