நாய் நுரையீரல் கழுவுநீர்: இரண்டு எண்ணிக்கை ஒத்துப்போகாதது ஏன்?

ஒரே நாயின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் நீங்களும் சக ஊழியரும் செல் வகைகளை எண்ணினீர்கள், சதவீதங்கள் ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மாஸ்ட் செல் (ஒவ்வாமையில் பங்குள்ள, துகள்கள் நிறைந்த செல்) உங்களுக்கு 1%, சக ஊழியருக்கு 3% வந்தது முரணே இல்லை. ஆளுக்கு 200 செல் எண்ணியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 2 செல், 6 செல். இவ்வளவு சின்ன எண்ணில் இந்த ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும். 200-இல் 4 கிடைத்தால்கூட உண்மை அளவு அரை சதவீதத்திலிருந்து 5 வரை எங்கும் இருக்கலாம். 500-இல் 10 கிடைத்தால் அது ஏறத்தாழ 1 முதல் 3.6-க்குள் சுருங்கும். 500 எண்ணுங்கள். கண் வலிக்கும், வேறு வழியில்லை.

நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளையணு) உங்களுக்கும் அவருக்கும் 8%, 19% என்று வந்ததுதான் இடிக்கிறது. அது தற்செயலுக்கு மிஞ்சிய வித்தியாசம். ஸ்லைடில் செல்கள் படிந்த வட்டத்தின் நடுவில் நீங்கள் எண்ணினீர்கள், அவர் ஓரத்தில் எண்ணினார் என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்: சைட்டோஸ்பின் (மாதிரியைச் சுழற்றி செல்களை ஸ்லைடில் படியவைக்கும் கருவி) உண்டாக்கும் வட்டத்தில் செல்கள் சீராகப் படிவதில்லை.

சோதிக்க ஒரு வழி:

1. ஒரே ஸ்லைடில் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, நடுவைக் கடந்து, வரிவரியாகப் போங்கள். 500 செல்லையும் நூறு நூறாகத் தனித்தனியே குறியுங்கள். ஓரத்து நூறும் நடு நூறும் விலகினால், எண்ணிய இடம்தான் காரணம்.
2. அந்த ஐந்து நூறும் ஓரளவு ஒத்துப்போய், அடுத்த ஸ்லைடு மட்டும் விலகினால், சுழற்றும் முன் மாதிரியை மெதுவாகக் கலக்காமல் விட்டிருக்கலாம்.

சிலியா (நுண்மயிர்) முளைத்த புறப்படலச் செல் (மூச்சுக்குழாயின் உட்பரப்பை மூடும் செல்) கொத்துகளை இருவருமே விட்டுவிட்டீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் சேர்த்தால் எல்லா சதவீதமும் நகரும்.

ஒரு எச்சரிக்கை: டிஃப்-குயிக் போன்ற விரைவுச் சாயத்தில் மாஸ்ட் செல் துகள்கள் சில சமயம் நிறம் ஏறாமல் போகும், அப்போது எத்தனை எண்ணினாலும் குறைவாகத்தான் வரும். ஒரு ஸ்லைடை, அந்தத் துகள்களைக் காட்டும் சாயமான டொலுயிடின் நீலத்தில் போட்டுப் பாருங்கள்.