'மேக் அப்' என்றால் எதை?

கேள்வி: ஒருநாள் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப மேலாளரிடம் அனுமதி கேட்டேன். 'ஃபைன், பட் மேக் அப் தி அவர்ஸ் திஸ் வீக்' என்று பதில் வந்தது. இல்லாததை இட்டுக்கட்டுவதுதான் 'மேக் அப்' என்று நினைத்திருந்ததால், பொய்க்கணக்கு எழுதச் சொல்கிறாரோ என்று திகைத்துவிட்டேன். அகராதியைத் திறந்தால் ஏழெட்டு அர்த்தம் இருக்கிறது. எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் மேலாளர் பொய்க்கணக்கு கேட்கவில்லை. விட்டுப்போன இரண்டு மணி நேரத்தை இந்த வாரத்துக்குள் கூடுதலாக வேலை பார்த்து ஈடுகட்டுங்கள் என்கிறார், அவ்வளவுதான்.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தைக் குறைசொல்ல மாட்டேன். 'ஹி மேட் அப் தி ஃபிகர்ஸ்' என்று இருந்தால், அவர் எண்களைத் தன் இஷ்டத்துக்குப் புனைந்துவிட்டார் என்றுதான் பெரும்பாலும் பொருள். 'அவர்ஸ்' போய் 'ஃபிகர்ஸ்' வந்தது, நேர்மையான வேலை மோசடியாகிவிட்டது! ஆகவே வினையையே முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அதன் பக்கத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

தமிழில் இதை யோசிக்காமலே செய்கிறோம். சட்டை போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு, கணக்குப் போடு. தமிழ் கற்கும் ஒருவர் 'போடு' என்றால் என்ன என்று கேட்டால், 'எதை?' என்றுதானே திருப்பிக் கேட்போம்? இங்கேயும் அதே கேள்விதான்.

கதை, சாக்கு, பெயர் போன்றவை வந்தால் புனைவது. நாமும் 'கதை கட்டுகிறான்' என்கிறோமே, அதேதான். ஆனால் எப்போதும் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தையைத் தூங்கவைக்க அம்மா அந்த நேரத்தில் யோசித்துச் சொல்லும் கதைக்கும் இதே வினைதான். நேரம், பற்றாக்குறை என்று வந்தால் ஈடுகட்டுவது. கூடவே 'ஃபார்' ஒட்டிக்கொண்டிருந்தால் அநேகமாகச் சந்தேகமே வேண்டாம்: 'தி ஃபுட் மேட் அப் ஃபார் தி லாங் வெயிட்' என்றால், காத்திருந்த அலுப்பெல்லாம் சாப்பாட்டில் தீர்ந்துபோனது. 'மைண்ட்' வந்தால் முடிவெடுப்பது. இதை 'மனதைத் தேற்றிக்கொள்' என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன்; அது வேறு விஷயம். சதவீதமோ பகுதிகளோ வந்தால் உள்ளடக்கம்: 'நைட்ரஜன் மேக்ஸ் அப் 78 பர்சென்ட் ஆஃப் தி ஏர்', அதாவது காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். முழுமையிலிருந்து தொடங்கினால் வாக்கியம் புரண்டுகொள்ளும்: 'தி டீம் இஸ் மேட் அப் ஆஃப் டென் பீப்பிள்'.

சரி, பக்கத்தில் எதுவுமே இல்லாவிட்டால்? சண்டை போட்ட இருவரைப் பற்றி 'தே மேட் அப்' என்றால் சமாதானமாகிவிட்டார்கள். இங்கே ஒரு 'இட்' நுழைந்து 'தே மேட் இட் அப்' என்று ஆனால் 'இட்டுக்கட்டினார்கள்' என்ற பொருள் முன்னால் வந்து நிற்கும். பிரிட்டிஷ்காரர்கள் இதையே சமாதானத்துக்கும் சொல்வதால் முன்வாக்கியத்தையும் படித்துவிட வேண்டும். 'ஐ வில் மேக் இட் அப் டு யூ' என்பதில் அந்தக் குழப்பம் கிடையாது. உங்களுக்குச் செய்த குறைக்கு ஈடு செய்கிறேன் என்கிறார்கள். லிவர்பூல்காரர் ஒருவர் 'ஐயாம் மேட் அப்' என்று சொல்லிச் சிரித்தால் பயப்படாதீர்கள், அவர் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார்!

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நான் ஞாபகம் வைத்துக்கொள்வது இப்படித்தான்: 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்' போன்றவற்றில் 'அப்' என்பது நம் 'குடித்து முடி', 'தீர்த்துவிடு' மாதிரி, முழுசாக என்று சொல்கிறது. 'மேக் அப்'பிலும் குறையாக இருந்த ஒன்று முழுசாகிறது. குறைந்த நேரம் நிரம்புகிறது, முறிந்த உறவு ஒட்டுகிறது, ஊசலாடிய மனம் ஓரிடத்தில் நிற்கிறது, பகுதிகள் சேர்ந்து காற்றாகின்றன. கதை கட்டுவதும் துண்டுகளை ஒட்டி முழுசாக்குவதுதானே. இது இலக்கண விதி இல்லை, ஞாபகத்துக்கு ஒரு கொக்கி.

முகத்துக்குப் போடும் மேக்கப் பெயர்ச்சொல். அதில் அழுத்தம் 'மேக்'கில் விழும். வினையாகச் சொல்லும்போது பெரும்பாலும் 'அப்'பில் விழும். வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் காதுக்கே தெரியும். 'ஜெனடிக் மேக்கப்' என்று படித்தால் அது மரபணு அமைப்பு, அலங்காரம் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் 'மேக்கப் எக்ஸாம்' என்பது தவறவிட்ட தேர்வைப் பிறகு எழுதுவது.

அப்புறம், மேலாளருக்குப் பதில் எழுதும்போது 'மேக் அப் தெம்' என்று எழுதிவிடாதீர்கள். 'இட்', 'தெம்' போன்ற சின்னச் சொற்கள் நடுவில்தான் வர வேண்டும். 'ஷுர், ஐ வில் மேக் தெம் அப் ஆன் ஃப்ரைடே' என்று அனுப்புங்கள்.