அரசியல் கோட்பாட்டின் அரிச்சுவடியை உலகப் பார்வைகளோடு கற்பிப்பது எப்படி?

ஹொப்ஸ், லொக், ரூசோ ஆகிய ஐரோப்பியச் சிந்தனையாளர்களை முடிக்கவே தவணை போதாதபோது மற்ற நாட்டுச் சிந்தனைகளை எங்கே சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிப்பவர் என்று கருதி எழுதுகிறேன். நானும் இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் பக்கத்தில் அதையே கற்பிக்கிறேன்.

கடைசி வாரத்தில் சேர்க்காதீர்கள். அவ்வாறு சேர்த்தால் மாணவர்கள் அதைப் பின்னிணைப்பாகவே எண்ணுவார்கள்.

ஒருமுறை லொக்கின் மறைமுகச் சம்மதத்தை விளக்கினேன். ஒரு நாட்டின் பெருந்தெருவில் நடந்து செல்பவன்கூட அதன் சட்டத்துக்குச் சம்மதித்தவனே என்கிறார் அவர். பின்வரிசையிலிருந்த மாணவி எழுந்தாள்: "சேர், எங்க பூட்டன் ரோட்டுல நடந்தவர் மட்டுமில்ல, அத வெட்டினவரே அவர்தான். அவர் சம்மதிச்சிட்டார். அரசாங்கம் ஏன் சம்மதிக்கல்ல?"

மறுநாள் அவள் பாட்டனாரின் பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பொலித்தீன் உறையில் கொண்டுவந்தாள். நான்காக மடித்து மடித்து, மடிப்புகள் கிழிந்து, பின்புறம் டேப் ஒட்டப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டதையும், 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்ததையும், அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துக்கொண்டே படித்தோம். வெறுமனே வசிப்பது ஒருவரை உறுப்பினராக்காது என்று லொக்கே பின்னால் எழுதியிருப்பதை அதற்குப் பிறகுதான் நானும் நிதானமாக வாசித்தேன்.

சம்மதம் பற்றிய அதே கேள்வியோடு, பாலி மொழிப் பௌத்த நூலான அக்கஞ்ஞ சூத்திரத்துக்குப் போனோம்: மக்கள் கூடி ஒருவனைத் தெரிவு செய்து, தங்கள் நெல்லில் பங்கு கொடுத்து, மகாசம்மதன், அதாவது மக்கள் எல்லோரும் சம்மதித்தவன், என்று பெயரிடுகிறார்கள். "படைகுடி கூழ்அமைச்சு" என்ற குறளிலோ குடி, அரசன் உடையவற்றுள் ஒன்று. அங்கே சம்மதம் கேட்கப்படவில்லை. குறளைத் தாழ்த்துகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். லொக்கிடம் கேட்ட கேள்வியை நம்மவரிடமும் கேட்பதுதான் நேர்மை. பல ஆண்டுகள் நாடற்றவராக வாழ்ந்த ஜேர்மனிய யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட், உரிமைகள் பெறுவதற்கே ஓர் உரிமை வேண்டும் என்றதை மாணவர்கள் விளக்கமின்றியே புரிந்துகொண்டார்கள்.

வகுப்பைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி, இது பாடமல்ல, தோட்டத்து அரசியல் என்று குறிப்பெழுதிச் சென்றார். பாடத்திட்டத்தில் எதையும் நான் விடவில்லை, லொக்கை வழக்கத்தைவிட ஆழமாகவே கற்பித்தேன் என்று அவரிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு.

ஆகவே, எந்த நாட்டுச் சிந்தனையாளர்களைச் சேர்ப்பது என்று பட்டியலிடுவதற்கு முன், உங்கள் மாணவர்களின் வீட்டு அலுமாரியில் எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.