இடையில் பல்கலைக்கழகம் மாற விரும்பும் மகன்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உங்கள் மகன் முதல் செமஸ்டர் படித்துக்கொண்டிருப்பதாகவும், சென்ற ஆண்டு அவருக்கு இடம் தராத பல்கலைக்கழகங்களுக்கே வரும் மார்ச் மாதம் டிரான்ஸ்ஃபர் மாணவராக விண்ணப்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விண்ணப்பிக்கலாம், அதைத் தடுக்கும் பொது விதி எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் "இன்னொரு முறை முயன்று பார்க்கலாம்" என்ற தொடர் மூன்று இடங்களில் வருகிறது. என் கவலை அந்தத் தொடரைப் பற்றியதுதான். டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தைப் பழைய தேர்வை மறுபடி எழுதுவதைப் போல நினைத்துத் தயாரித்தவர்கள் பெரும்பாலும் ஏமாற்றம் அடைந்ததையே நான் பார்த்திருக்கிறேன்.

முதலாண்டுச் சேர்க்கையில் ஒரு பல்கலைக்கழகம் ஒரு வகுப்பு முழுவதையும் புதிதாக நிரப்புகிறது. டிரான்ஸ்ஃபர் சேர்க்கையில் அப்படியில்லை. ஏற்கெனவே நிரம்பிவிட்ட வகுப்பில் எத்தனை இடம் மிஞ்சுகிறதோ அத்தனை பேரைத்தான் எடுக்க முடியும். மாணவர்கள் நடுவில் விட்டுப் போவது அரிதாக உள்ள இடங்களில் இந்த எண்ணிக்கை மிகவும் சிறியது. ஹார்வர்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொள்கிறது. பிரின்ஸ்டன் 1990இல் இந்த வழியையே மூடிவிட்டு 2018இல்தான் திரும்பத் திறந்தது. அதிலும் சமுதாயக் கல்லூரிகளில் (உள்ளூர் மாணவர்களுக்கான இரண்டாண்டுக் கல்லூரிகளில்) படித்தவர்கள், படையில் பணியாற்றியவர்கள், வருமானம் குறைந்த குடும்பத்தினர் ஆகியோருக்கே முன்னுரிமை. இவற்றுக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் பட்டியல் முழுவதும் இத்தகைய பெயர்களாகவே இருப்பதால் சொல்கிறேன். கார்னெல், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போன்றவை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களை எடுக்கின்றன. அவையும் எளிதல்ல என்றாலும், அங்கே இது வழக்கமான சேர்க்கை வழிகளுள் ஒன்று.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் வளாகங்களை நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த மாநிலம் 1960ஆம் ஆண்டிலேயே வகுத்த உயர்கல்வித் திட்டத்தின்படி, சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்வது அங்கே நன்கு நடைபழகிய பாதை. அங்கு சேரும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வருபவர்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் உரிய பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டிய அம்மாணவர்களுக்கு இடத்தை உறுதியளிக்கவும் செய்கின்றன; பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ ஆகிய மூன்றும் அந்த உறுதியை அளிப்பதில்லை. வேறு மாநிலத்தில் நான்காண்டுக் கல்லூரியில் படிக்கும் உங்கள் மகன் இந்த வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். தவிர, மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் கிரெடிட் (படித்து முடித்த பாடங்களை அளக்கும் அலகு) வேண்டும்; விண்ணப்பக் காலமும் மார்ச்சில் அல்ல, அக்டோபர், நவம்பர் மாதங்களில். ஆகவே இந்த ஆண்டுக்கு அந்தப் பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இனிக் காலத்தைப் பற்றி. ஹார்வர்டு, யேல் ஆகியவற்றின் கடைசி நாள் மார்ச் 1, ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆகியவற்றுக்கு மார்ச் 15 என்று இருந்துவருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்தந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் உங்கள் மகனின் கையில் ஒரே ஒரு செமஸ்டரின் மதிப்பெண்கள் மட்டுமே இருக்கும். அப்படியானால் தேர்வுக் குழு எதைப் பார்க்கும்? அவருடைய பள்ளி மதிப்பெண்களையும் பள்ளிக்காலச் செயல்பாடுகளையும் பார்க்கும். சென்ற ஆண்டு பார்த்து மறுத்ததும் அவற்றைத்தான். ஓராண்டு பொறுத்தால் மூன்று செமஸ்டர்களின் சான்று இருக்கும், பள்ளிப் பதிவின் கனம் குறையும். பொறுப்பதற்கும் ஒரு விலை உண்டு: பல பல்கலைக்கழகங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தம்மிடம் படித்திருந்தால்தான் பட்டம் தருகின்றன, புதிய இடத்தில் அவருக்கு அந்த இரண்டு ஆண்டுகளே கிடைக்கும், ஆராய்ச்சிக்கும் நட்புக்கும் அது குறுகிய காலம். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தால், முதல் செமஸ்டர் மதிப்பெண்கள் மிகச் சிறப்பாக அமைந்து, மாறுவதற்கான காரணமும் இப்போதே தெளிவாக இருந்தாலொழிய, காத்திருப்பதே நல்லது என்பது என் முடிவு.

காரணம் என்றேனே, முழு விண்ணப்பமும் அதன்மேல்தான் நிற்கிறது. ஏன் மாற விரும்புகிறாய், ஏன் எங்களிடம் வர விரும்புகிறாய் என்பவைதான் டிரான்ஸ்ஃபர் கட்டுரையில் ஏதேனும் ஒரு வடிவில் கேட்கப்படும் கேள்விகள். உலகத் தரவரிசை, பெயர் பெற்ற பேராசிரியர்கள், சிறந்த வேலைவாய்ப்பு என்று எழுதினால், அதே பத்தியை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம். படிப்பவருக்கும் அது தெரியும். தற்போதைய கல்லூரியைக் குறை சொல்லி எழுதுவது இன்னும் மோசம். பாடம் கடினமாக இல்லை, சக மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று புகார் எழுதுபவர் தங்களிடம் வந்தும் அதையே சொல்வார் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

நான் வழிகாட்டிய ஒரு மாணவியை நினைத்துக்கொள்கிறேன். கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்தவர், தற்செயலாக எடுத்த ஒரு மொழியியல் பாடத்தில் ஆழ்ந்துபோனார். அவருடைய கல்லூரியில் மொழியியலில் இருந்தவை இரண்டே பாடங்கள். இரண்டையும் முடித்தார், ஒரு பேராசிரியரிடம் கேட்டுத் தனிப் படிப்பாக ஒரு செமஸ்டர் ஒலியியலை ஆராய்ந்தார், அதன்பிறகு அங்கே படிக்க எதுவும் மிச்சமில்லை. அவர் கட்டுரையில் எழுதியது இவ்வளவுதான், ஆனால் அதைப் படிக்கும் எவருக்கும் அவர் ஏன் புறப்படுகிறார் என்பது விளங்கியது. இருந்த இடத்தில் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்திய பிறகு வந்த காரணம் அது. தங்கள் வளாகத்திலும் இவர் அப்படித்தான் இருப்பார் என்று தேர்வுக் குழு நம்புவதற்கு அதுவே போதுமான ஆதாரமாக இருந்தது.

பரிந்துரைக் கடிதங்களும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. இப்போது எழுத வேண்டியவர்கள் கல்லூரிப் பேராசிரியர்கள். நூற்றுக்கணக்கானோர் அமரும் முதலாண்டு வகுப்பில் உங்கள் மகன் நன்றாகப் படித்தாலும் பேராசிரியருக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாணவர்களைச் சந்திப்பதற்கென்று பேராசிரியர்கள் ஒதுக்கியுள்ள நேரத்தில் வாரந்தோறும் சென்று, பாடத்தைப் பற்றி உண்மையாகவே எழும் ஐயங்களைக் கேட்கச் சொல்லுங்கள். கடிதத்துக்காகப் போகிறவரையும் பாடத்துக்காகப் போகிறவரையும் அவர்கள் எளிதில் பிரித்தறிவார்கள். இவை தவிர, அவருடைய நன்னடத்தையையும் படிப்பு நிலையையும் உறுதிசெய்து தற்போதைய கல்லூரி அதிகாரி தரும் அறிக்கையையும், நடந்துகொண்டிருக்கும் செமஸ்டரின் இடைக்கால மதிப்பெண்களை ஆசிரியர்கள் குறித்துத் தரும் படிவத்தையும் பல இடங்களில் கேட்பார்கள். பள்ளி மதிப்பெண் ஆவணங்களைப் பள்ளியிலிருந்து அனுப்ப ஏற்பாடு செய்வது மட்டும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

படித்த பாடங்கள் எல்லாம் அப்படியே கணக்கில் வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். கிரெடிட்டைப் புதிய கல்லூரிக்குக் கொண்டுசெல்லலாம், ஜி.பி.ஏ.வை (பாடங்களின் சராசரி மதிப்பெண்ணை) பொதுவாகக் கொண்டுசெல்ல முடியாது, அது அங்கே புதிதாகத் தொடங்கும். சி-க்குக் குறைவான மதிப்பெண் பெற்ற பாடங்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பொறியியலில், பல்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நுண்கணித அடிப்படையிலான இயற்பியல் போன்ற முன்தேவைப் பாடங்களில் ஒன்று விட்டுப்போனாலும், அதைத் தொடர்ந்து வரும் பாடங்கள் எல்லாம் தள்ளிப்போய்ப் படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டுவிடும். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் கோப்பாகச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். இடம் கிடைத்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்று எழுத்தில் கேட்டுவாங்குங்கள். நீங்கள் கட்டப்போகும் கட்டணத்தின் அளவு அந்தப் பதிலைப் பொறுத்தது.

உதவித்தொகையைப் பொறுத்தவரை நிலைமை கடினம். தகுதி அடிப்படையிலான உதவிகள் பெரும்பாலும் முதலாண்டு மாணவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. நிதியுதவி கேட்பதே சேர்க்கை முடிவைப் பாதிக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கு இது இன்னும் இறுக்கம். கல்லூரி மாறினால் இப்போது அவர் பெற்றுவரும் உதவித்தொகை போய்விடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் என்பதால் இன்னும் ஒன்று. கல்லூரி மாறும்போது தற்போதைய கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம் அவருடைய செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய அமெரிக்க அரசின் கணினித் தரவுத்தளம்) பதிவைப் புதிய கல்லூரிக்கு விடுவிக்க வேண்டும்; அதன் பிறகே புதிய ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) கிடைக்கும். விடுவித்த நாளிலிருந்து ஐந்து மாதத்துக்குள் புதிய இடத்தில் படிப்பு தொடங்கியாக வேண்டும். அதுவரை செமஸ்டர்களில் குறைந்தது 12 கிரெடிட்டுடன் முழுநேர மாணவராக அவர் இருந்துவர வேண்டும். மாறப்போகிறோமே என்ற நினைப்பில் பாடங்களைக் கைவிட்டுத் தகுதிநிலையை இழந்துவிடக் கூடாது.

பட்டியலை நீங்கள் தயாரிக்க வேண்டாம், அதை அவரிடமே விட்டுவிடுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் வராமல், தான் எதைப் படிக்க விரும்புகிறார், இப்போதைய இடத்தில் அதற்காக இதுவரை என்ன செய்திருக்கிறார், எந்த இடத்தில் வழி அடைபட்டது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் திருத்தாமல் அதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஜனவரி நடுவில் அது என் கைக்கு வந்தால், இந்த ஆண்டே விண்ணப்பிப்பதா என்று மூவரும் பேசி முடிவெடுக்கலாம். விண்ணப்பிப்பதாக இருந்தால், பேராசிரியர்களிடம் கடிதம் கேட்க அவருக்கு ஆறு வாரம் இருக்கும்.